பாரிஸ் பிஸ்ட்ரோவில் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடலாமா?

காவிரிக்கரை எழுதியது:

அடுத்த மாதம் குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம். நான், மனைவி, அம்மா, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் இரவு மட்டும் நல்ல பிஸ்ட்ரோ ஒன்றில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட ஆசை. நட்சத்திர உணவகம் வேண்டாம். சின்ன இடம், நெருக்கமான மேசைகள், கரும்பலகையில் அன்றைய சமையல் எழுதியிருக்கும் கடை போதும்.

வெளியில் சாப்பிடப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்லி, எல்லாரும் எல்லாவற்றையும் ருசி பார்ப்பது எங்கள் வழக்கம். அங்கே அப்படிச் செய்தால் முகம் சுளிப்பார்களா? அம்மா சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார். மற்ற நாலு பேரும் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவோம். அம்மாவுக்கு எச்சில் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. இதை எல்லாம் வைத்து என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெல்வில்_வாசி எழுதியது:

யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாரிஸ்காரர்களே தொடக்கத் தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்துவிட்டு, முக்கிய உணவை மட்டும் ஆளுக்கொன்றாகச் சாப்பிடுவது இப்போது சர்வ சாதாரணம். பட்டியலிலேயே 'ஆ பார்த்தாஜே' என்று எழுதியிருந்தால் அது பகிர்வதற்கென்றே வருவது. 'பூர் தூ' என்றால் இரண்டு பேருக்கான அளவு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'ஃபார்முல்' என்று ஒரு விலைக்கு இரண்டு அல்லது மூன்று வகை தருவார்கள். அது ஒரு ஆளுக்கான கணக்கு. ஒரு ஃபார்முலை இரண்டு பேர் பங்கு போட்டால் அங்கே உண்மையாகவே முகம் மாறும். சில கடைகளில் கூடுதல் தட்டுக்குத் தனியாகக் காசு போடுவார்கள்.

செலவுக்கணக்கு எழுதியது:

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன். பகிர்ந்து சாப்பிடும் தட்டுகள் என்று இப்போது பாரிஸில் நடப்பதில் பாதி, அளவைக் குறைத்து விலையை ஏற்றும் வேலை. போன வருடம் கிழக்குப் பாரிஸில் ஒரு கடையில் நாலு பேர் உட்கார்ந்தோம். வந்த தட்டில் மூன்று உருண்டைகள். நாலு பேருக்கு மூன்றை எப்படிப் பிரிப்பது? ஒரு தட்டு பத்து யூரோவிலிருந்து இருபது வரை. நாலு பேர் வயிறு நிறைய எட்டு, ஒன்பது தட்டு வேண்டும். பழைய பாணி பிஸ்ட்ரோவில் இருபது முப்பது யூரோவுக்கு முழுச் சாப்பாடாக ஒரு முக்கிய உணவு வந்துவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தப் புதுக் கடைகள் பக்கமே போகாதீர்கள்.

குசினிக்காரன் எழுதியது:

வணக்கம் காவிரிக்கரை அண்ணா. நான் இருக்கிறது பரிஸில், வேலை பிஸ்ட்ரோ குசினியில். பாத்திரம் கழுவுகிற ப்ளோஞ்சில் தொடங்கி இப்போது சூட்டடுப்புப் பக்கம் நிற்கிறேன். இந்த நகரத்துக் குசினிகளில் எங்கட இலங்கைத் தமிழ் ஆட்கள் கனபேர் இருக்கிறோம். அதனால் உள்ளே இருந்து பார்க்கிற மாதிரிச் சொல்கிறேன்.

செலவுக்கணக்கு அண்ணா சொன்ன மூன்று உருண்டைக் கதை உண்மைதான். ஆனால் பிரச்சினை பகிர்வதில் இல்லை, எதைப் பகிர்கிறோம் என்பதில். பிஸ்ட்ரோ உணவு இரண்டு வகை. ஒன்று முழுசாக வருவது: டெரின் (அச்சில் அடைத்துச் சுட்ட இறைச்சி), முழுக்கோழி, ஆட்டுத் தோள், முழு மீன், கொக்கோட் சட்டியோடு வருகிற குழம்புகள், பெரிய கிண்ணத்துச் சாக்லேட் மூஸ். இவை சமைக்கும்போதே பல பேருக்கென்று சமைக்கப்பட்டவை. இரண்டாவது, தட்டில் கட்டி வருவது. அடியில் மசித்த கிழங்கு, மேலே மீன் துண்டு, சுற்றிவர சோஸ், மேலே மொறுமொறு என்று ஒன்று. அது ஒரு ஆள் ஒரு முள்ளுக்கரண்டியால் மேலிருந்து கீழே வெட்டிச் சாப்பிட என்று நாங்கள் அடுக்குவது. அதை ஐந்து பேர் சுரண்டினால் முதல் ஆளுக்கு மீன், கடைசி ஆளுக்கு ஆறின சோஸ். சமைத்தவனுக்கும் மனது வலிக்கும், சாப்பிடுகிறவருக்கும் ருசி தெரியாது.

பட்டியலைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இது முழுசாக வருமா, கட்டி வருமா? பரிமாறுகிறவரிடம் கேட்டால் சந்தோசமாகச் சொல்வார். எத்தனை துண்டு வரும் என்றும் கேட்கலாம். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஐந்து பேர் என்றால் ஐந்து துண்டாகப் போட்டுத் தரச் சொல்லலாம், கூடுதல் துண்டுக்குக் காசு எடுப்பார்கள், அவ்வளவுதான்.

பழையதாள் எழுதியது:

குசினிக்காரன் சொன்ன இந்த இரண்டு வகைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பகிர்ந்து சாப்பிடுவது பிரான்ஸுக்கு வெளியிலிருந்து வந்த புது மோஸ்தர் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மை வேறு.

18-ஆம் நூற்றாண்டு வரை பிரெஞ்சு விருந்து என்றாலே பல பாத்திரங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி வைத்து, அவரவர் எட்டும் தூரத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வதுதான். அதற்குப் பெயரே பிரெஞ்சு முறைப் பரிமாறல். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சூடு ஆறிவிடும், தள்ளி இருப்பது கைக்கு எட்டாது. 19-ஆம் நூற்றாண்டில்தான் ரஷ்ய முறை பரவியது. ஒன்றன் பின் ஒன்றாக, சூடாக, எல்லாருக்கும் ஒரே உணவு. தொடக்கம், முக்கிய உணவு, இனிப்பு என்று இன்று நாம் 'பிரெஞ்சு ஒழுங்கு' என்று நினைப்பது அப்படி வந்ததுதான். 1970-களில் புதுப் பாணிச் சமையல்காரர்கள், குறிப்பாக ரோவான் ஊரின் ட்ருவாக்ரோ சகோதரர்கள், சமையலறையிலேயே தட்டை அலங்கரித்து அனுப்புவதைப் பெரிதாக்கினார்கள். ஆளுக்கொரு தட்டு என்பது அதோடு இறுகிவிட்டது.

அப்புறம் 1992. இவ் காம்ட்போர்ட் என்ற சமையல்காரர் க்ரியோன் என்ற பெரிய ஹோட்டல் சமையலறையை விட்டு வந்து, பாரிஸின் 14-ஆவது வட்டாரத்தில் லா ரெகாலாட் என்ற பிஸ்ட்ரோவைத் தொடங்கினார். உட்கார்ந்தவுடன் மேசைக்கு ஒரு முழு டெரின் வரும். கூடவே கத்தி, ரொட்டி, ஊறிய சின்ன வெள்ளரிக்காய் ஜாடி. வேண்டியதை நீங்களே வெட்டிக்கொண்டு மிச்சத்தை அடுத்த மேசைக்கு அனுப்பலாம். பெரிய ஹோட்டலின் கைத்திறனைச் சாதாரண விலையில், பக்கத்து மேசையோடு பகிர்ந்து சாப்பிடலாம் என்று பாரிஸுக்குக் காட்டியது அந்த டெரின்தான் என்பது என் கருத்து. பிறகு அவரே ஒதெயோன் பக்கம் லாவான் கோன்த்வார் என்று நின்றபடி சாப்பிடும் சின்னக் கடை திறந்தார். அங்கே கவுண்டரில் எல்லாருக்கும் பொதுவாக வெண்ணெய்க் குன்று ஒன்று இருக்கும். 2013-இல் செப்டீம் உணவகத்தார் ஷரோன் தெருவில் கிளமாத்தோ தொடங்கினார்கள், பெரும்பாலும் கடல் உணவு, சின்னத் தட்டுகள், முன்பதிவு இல்லாமல். செலவுக்கணக்கு எரிச்சல்படும் அலை அங்கிருந்துதான் வேகமெடுத்தது.

செலவுக்கணக்கு எழுதியது:

வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் காம்ட்போர்ட் டெரினை முழுசாக வைத்தார். இப்போதைய கடைகள் மூன்று உருண்டை வைக்கின்றன. என் புகார் அதுதான்.

பழையதாள் எழுதியது:

அதில் நமக்குள் சண்டையே இல்லை.

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

அம்மாவின் சைவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். பிரான்ஸில் சைவம் சாப்பிடுகிறவளாக இருந்த அனுபவம் எனக்கு உண்டு. பிஸ்ட்ரோவில் சைவருக்குத் தொடக்கத் தட்டுகள்தான் துணை. முக்கிய உணவுப் பகுதியில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அதனால் உங்கள் பகிரும் திட்டம் அம்மாவுக்குத்தான் ரொம்ப உதவி.

முட்டை சாப்பிடுவார் என்பது பெரிய நிம்மதி. முட்டை மயோனைஸ் பெரும்பாலான பிஸ்ட்ரோக்களில் உண்டு. அவித்த முட்டை மேல் கையால் அடித்த மயோனைஸ், இவ்வளவுதான், ஆனால் இதைக் காக்க ஒரு சங்கமே வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். வினிகர் சோஸ் ஊற்றிய லீக் என்ற வெங்காய வகைத் தண்டு, துருவிய செலரிக் கிழங்கு, துருவிய கேரட், சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட். க்ரதேன் தோஃபினுவா என்ற பாலும் கிரீமும் சேர்த்துச் சுட்ட உருளைக்கிழங்கு. அதைப் பக்க உணவாகப் பெரிய பாத்திரத்தில் கேளுங்கள், எல்லாரும் சாப்பிடலாம்.

இப்போது கண்ணில் படாத கண்ணிகள். வெங்காய சூப் சைவம் போலத் தெரியும், அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கும். உங்கள் நாலு பேருக்கும் அது ஆகாது. பருப்பு சாலட்டில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் வரும். சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவல் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள், கேட்டே ஆக வேண்டும். பாரம்பரிய முத்திரை பெற்ற கோம்தே, கமோம்பேர் போன்ற சீஸ்கள் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பவை. இதை அம்மா பொருட்படுத்துவாரா இல்லையா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அங்கே மேசையில் போய்ப் பேசினால் எல்லாருக்கும் சங்கடம். 'சைவம்' என்று மட்டும் சொல்லாமல், இறைச்சி இல்லை, மீன் இல்லை, இறைச்சிச் சாறும் இல்லை என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

பெல்வில்_வாசி எழுதியது:

அஞ்சறைப்பெட்டி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: முன்பதிவு செய்யும்போதே இதைத் தெரிவித்துவிடுங்கள். சின்னச் சமையலறை, ஒருவரோ இருவரோ சமைப்பார்கள். காலையிலேயே தெரிந்தால் காய்கறி வைத்து ஏதாவது செய்து வைப்பார்கள். இரவு எட்டரை மணிக்குச் சொன்னால் பச்சை இலைதான் வரும்.

எச்சில் பிரச்சினை ரொம்ப எளிது. பரிமாறும் கரண்டி கேளுங்கள், 'கூவேர் த செர்வீஸ்' என்றால் போதும். ஒவ்வொரு நடுத் தட்டுக்கும் ஒரு கரண்டி, ஆளுக்கொரு காலித் தட்டு. உள்ளூர்க்காரர்களும் கேட்டு வாங்குவதுதான். அம்மாவின் சைவத் தட்டுகளை மேசையின் ஒரு ஓரமாக அவர் பக்கமே வைக்கச் சொல்லுங்கள், அந்தக் கரண்டி இறைச்சித் தட்டுக்குப் போகாமல் இருக்கும்.

கடல்நுரை எழுதியது:

பகிர்வதன் உண்மையான லாபத்தை யாரும் சொல்லவில்லையே! தனியாக ஒரு முழுத் தட்டுச் சொல்லத் துணியாததை ருசி பார்க்கலாம். கடல் நத்தையைப் பூண்டு மயோனைஸில் தொட்டுச் சாப்பிடுவது, எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம். பன்றிக்குடல் வைத்துச் செய்யும் ஆண்டுயெத் என்ற ஒன்று இருக்கிறது. வாசனையே பத்தடி தள்ளித் தெரியும். அதற்கென்று பித்துப் பிடித்த ரசிகர்கள் உண்டு, வாயில் வைக்க முடியாதவர்களும் உண்டு. அதை ஐந்து பேருக்கு ஒன்று சொல்லி ஆளுக்கொரு துண்டு சாப்பிடுவதுதான் சரி. எனக்கு அந்த நகரம் பிடித்துப்போனதே இப்படி ஒவ்வொரு வாயாகத்தான்.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. எலும்பு மஜ்ஜையை விட்டுவிடுகிறோம், அது பெரும்பாலும் மாட்டெலும்பு என்று படித்தேன். கடல் நத்தை பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

குசினிக்காரன் தம்பி, முக்கிய உணவுக்கு நாங்கள் நாலு பேர் என்ன சொல்வது? கரும்பலகையில் பெரிய எழுத்தில் மாட்டு விலாதான் இருக்கும் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டுமா, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாமா?

குசினிக்காரன் எழுதியது:

ஓம் அண்ணா, கோத் த பெஃப் என்கிற அந்த விலாதான் இரண்டு பேர் பங்கு என்று எல்லா இடமும் இருக்கும். ஒரு கிலோ அளவு, எலும்போடு. நீங்கள் அதை விடுவதால் ஒரு தலையிடியும் குறைகிறது. ஒரே துண்டு இறைச்சியை ஒருவருக்கு இரத்தம் தெரிய, இன்னொருவருக்கு நல்லாக வேக என்று சமைக்க ஏலாது. அந்த மேசையில் எப்பவும் வாக்குவாதம் வரும்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று ஆட்டுத் தோள், ஏப்பொல் தாஞோ. பல மணி நேரம் குறைந்த சூட்டில் வைப்பது, அதனால் யாருக்கு எவ்வளவு வேகவேண்டும் என்ற கேள்வியே இல்லை. எலும்பைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும், கரண்டியாலேயே பரிமாறலாம். மூன்று நாலு பேருக்குப் போதும். பக்கத்தில் வெள்ளை பீன்ஸ் அல்லது க்ரதேன். எங்கட நாக்குக்கு இது சரியாகப் பொருந்தும் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன், உறைப்பு மட்டும் இருக்காது. ஒரு விசயம், சாற்றில் பெரும்பாலும் வெள்ளை வைன் சேர்த்திருக்கும். வேண்டாம் என்றால் முதலிலேயே கேளுங்கள். தயாராகிவிட்ட சாற்றிலிருந்து வைனை எடுக்க எங்களால் முடியாது.

மற்றது முழுக்கோழி. பச்சையாக இருந்து அடுப்பில் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் முன்பதிவிலேயே சொல்லவேண்டிய கடைகள் இருக்கின்றன. வெட்டித் தரச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம், தொடை சேருகிற இடத்தில் இரண்டு சின்னச் சதைத் துண்டு இருக்கும். கோழியிலேயே ருசியான இடம் அதுதான், கவனிக்காமல் எலும்போடு திருப்பி அனுப்புகிற ஆட்கள்தான் கூட. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். லாமி லூயி என்று 1924-இல் இருந்து நடக்கிற கடை முழுக்கோழிக்குப் பேர் போனது. ஆனால் விலை பயங்கரம், உங்கட திட்டத்துக்கு அது தேவையில்லை.

எப்படிச் சொல்லுறது என்றால், கடையைப் பொறுத்தது. பழைய பிஸ்ட்ரோவில் தொடக்கமும் முக்கிய உணவும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். ஓடர் துண்டு குசினிக்கு வந்ததும் தோளைச் சூடாக்கத் தொடங்குவோம், முதல் தட்டுகள் காலியானதும் பரிமாறுகிறவர் குரல் கொடுப்பார், நாங்கள் அனுப்புவோம். நடுவில் 'இன்னும் இரண்டு தொடக்கம்' என்று வந்தால் அந்த ஓட்டம் குழம்பும், உங்கட இறைச்சிதான் காயும். வைன் பார் மாதிரியான சின்னத்தட்டுக் கடையில் நேர்மாறு. இரண்டு மூன்றாகச் சொல்லுங்கள், முடிந்ததும் அடுத்தது. மேசை சின்னது, ஐந்து பேர் கையும் தண்ணீர்ப் போத்தலும் வைத்தாலே நிறைந்துவிடும். எல்லாம் ஒரேயடியாகச் சொன்னால் தயாராகிற வரிசையில் எல்லாம் ஒரேயடியாக வரும், பாதி ஆறிப்போகும். இரவு பத்து மணியோடு பல குசினிகள் ஓடர் எடுப்பதை நிறுத்திவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

பாண், அதாவது ரொட்டி பற்றி ஒரு வார்த்தை. கூடையில் வருவது இலவசம், முடிந்தால் இன்னும் கேட்கலாம். தட்டில் மிஞ்சின சோஸைப் பாணால் துடைத்துச் சாப்பிடுவது பிஸ்ட்ரோவில் மரியாதைக் குறைவே இல்லை, தட்டு சுத்தமாகத் திரும்பி வந்தால் எங்களுக்குச் சந்தோசம். 2023-இல் பரிஸின் மிகச் சிறந்த பகெத் (நீளப் பாண்) என்ற பரிசை எடுத்தவர் எங்கட தர்ஷன் செல்வராஜா. 20-ஆவது வட்டாரத்தில் அவர் வெதுப்பகம். அந்த வருடம் முழுக்க ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் போனது அங்கேயிருந்துதான். அந்தச் செய்தி வந்த நாள் நாங்கள் குசினியில் பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை. பகலில் அங்கே போய் ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள்.

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

தர்ஷன் செல்வராஜா பற்றிப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. நல்ல ஞாபகம்.

இனிப்பு மறக்காதீர்கள். பகிர்வதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. ஷே ஜானு என்ற பிஸ்ட்ரோவில் சாக்லேட் மூஸ் பெரிய கிண்ணத்தோடு மேசைக்கு வரும், வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். மலார் தெருவில் லாமி ஜான் என்ற கடை பால்சோற்றுக்குப் பேர் போனது. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்துக் கிரீம் சேர்த்து, கேரமலோடு கிண்ணம் நிறைய வருவது. அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். பிஸ்ட்ரோ போல் பேரின் பாரி-ப்ரெஸ்ட், வளைய வடிவில் சுட்டு நடுவில் கொட்டைப் பருப்புக் கிரீம் அடைத்தது, ஒருவரால் முடிக்க முடியாத அளவு. பாபா ஓ ரம் என்ற கேக் மட்டும் அம்மாவுக்கு வேண்டாம், முழுக்க ரம்மில் ஊறியது.

செலவுக்கணக்கு எழுதியது:

காசு விவரம் நான் சொல்கிறேன். பட்டியலில் இருக்கும் விலையில் சேவைக் கட்டணம் அடக்கம், 1987-இலிருந்து அது விதி. டிப்ஸ் கட்டாயம் இல்லை, திருப்தியாக இருந்தால் சில யூரோ வைக்கலாம். தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் புட்டித் தண்ணீர் வந்து விலை ஏறும். மிஞ்சினால் கட்டித் தரச் சொல்லுங்கள். 2021 ஜூலையிலிருந்து கேட்டால் டப்பா தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

செலவு கையைக் கடிக்கக் கூடாது என்றால் புய்யோன் என்ற மலிவு விலை உணவகங்களையும் யோசியுங்கள். 1896-இலிருந்து நடக்கும் ஷார்த்தியே, 2017-இல் வந்த புய்யோன் பிகால். முட்டை மயோனைஸ், லீக் எல்லாம் சில யூரோக்கள்தான். ஐந்து பேர் பத்து வகை சொல்லி நடுவில் பரப்பினாலும் பயமில்லை. ஷார்த்தியேவில் மேசையில் விரித்த காகிதத்திலேயே கணக்கு எழுதுவார்கள். சத்தமும் கூட்டமும் இருக்கும், நீங்கள் கேட்ட நிதானம் கிடைக்காது. குசினிக்காரன் சொன்ன ஆட்டுத் தோள் பற்றி எனக்கும் மறுப்பில்லை. நாலு பேருக்கு அது என் கணக்கிலும் நியாயமாகவே வருகிறது.

காவிரிக்கரை எழுதியது:

11-ஆவது வட்டாரத்தில் ஒரு சின்ன பிஸ்ட்ரோவில் மாலை ஏழரைக்கு ஐந்து பேருக்கு இடம் கேட்டு எழுதிவிட்டேன். அம்மாவின் மூன்று 'இல்லை'களையும் தனித்தனியாக எழுதினேன். தொடக்கத்துக்கு முட்டை மயோனைஸ், லீக், ஆட்டுப்பால் சீஸ் சாலட், கடல் நத்தை. நாலு பேருக்கு ஆட்டுத் தோள். அம்மாவுக்கு அவர்கள் செய்து தரும் காய்கறியும், எல்லாருக்கும் பெரிய பாத்திரத்தில் க்ரதேனும். சாற்றில் வைன் இருந்தால் எங்களுக்குப் பரவாயில்லை. இன்னொரு சந்தேகம்: காசு கொடுக்கும்போது மேசையிலேயே கேட்பதா, எழுந்து போவதா?

குசினிக்காரன் எழுதியது:

நீங்கள் கேட்கும் வரை பில் வராது அண்ணா, துரத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று கொண்டுவர மாட்டார்கள். கை காட்டி 'லாடிஸியோன்' என்று கேளுங்கள். சின்னக் கடையில் எழுந்து கவுண்டருக்குப் போயும் கட்டலாம். போகும்போது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துத் தமிழில் ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள், பதில் வந்தாலும் வரும்.